நானூற்றுப் பத்து கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம்

என் அண்ணனின் அடக்கத்துக்கு நான் போய்ச் சேராமல் செய்தவனை, அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் நான் ‘அப்பா’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு வேறு என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். கடல்மேல் உறைந்திருந்த பனி உடைந்து என் தந்தை உள்ளே போன மறுவாரம் பிறந்தான். ஆகவே அவர் பெயரையே அவனுக்கு வைத்தார்கள்: இபீலி. பெயர் யாரிடம் போகிறதோ ஆளும் அவரிடம் போனதாகத்தான் எங்கள் ஊரான சவிக்கில் வழக்கம். அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை என் அம்மா ‘எங்க வீட்டுக்காரர்’ என்றாள். எனக்கு அவன் அப்பா. நான் முதன்முதலாகச் சீல் என்கிற கடல்நாயைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, அதன் ஈரலில் ஒரு துளியைப் பல்லே முளைக்காத அந்த அப்பாவின் வாயில்தான் தடவினார்கள். அவன் துப்பினான். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வளர்ந்தும் அவன் ஒன்றுக்கும் உதவவில்லை. துப்பாக்கியைத் தூக்கினால் தோள் வலிக்கும். நாய்களைக் கண்டால் ஒதுங்குவான். பனிவண்டியின் மோட்டார் நின்றுபோனால் அதைச் சுற்றிச் சுற்றி வருவான், ஏதோ அதுவே மனம் மாறிக் கிளம்பிவிடும் என்பதுபோல. இப்படிப்பட்டவனுக்கு எங்கே வேலை கிடைக்கும்? விமான நிலையத்தில்தான் கிடைத்தது. நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சரளைக்கல் ஓடுபாதை, அதன் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கொட்டகை, உள்ளே ரேடியோ, ஒரு கெட்டில், இபீலி. மணிக்கு ஒருதரம் வெளியே வந்து மேகம் எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் விமானம் வரும். வந்தால் பெட்டி தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தக் கொட்டகைச் சுவரில் வடக்குப் பிரதேசம் முழுவதும் உள்ள ஒரு வரைபடத்தை ஒட்டினான். ஊருக்கு ஊர் குண்டூசி. ஊசிக்கு ஊசி சிவப்பு நூல். அடிக்கோலை வைத்து அளந்து, சீட்டில் எழுதி நூலில் தொங்கவிட்டான். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம். பிறகு பேச்சே அதுதான். அவனிடம் போய், “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டால்கூட எங்காவது போய் இறங்கிவிடுவான்.

எங்கள் ஆட்கள் தூரத்தைத் தூக்கத்தால் அளக்கிறவர்கள். உமிங்மாக் ஊர் எவ்வளவு தூரம் என்றால் ரெண்டு தூக்கம். பனி மோசமென்றால் மூன்று. அதாவது நடுவில் ரெண்டுதரம் கூடாரம் போட்டுப் படுத்து எழ வேண்டும். கேட்டவனுக்கு எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு பெட்ரோல் எடுக்க வேண்டும் என்று அதிலேயே விளங்கிவிடும். இபீலி குறுக்கே விழுவான்.

“தப்பு. நானூத்திப் பத்து கிலோமீட்டர். ஒரு மணி அஞ்சு நிமிஷம்.”

“நீ போயிருக்கியா?” என்று யாராவது கேட்பார்கள்.

“போனாத்தான் தெரியுமா? அளந்தா தெரியாதா?”

இதற்கும் தலையாட்டப் பத்துப் பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் சீட்டில் எழுதித் தொங்கவிட்டால் எதையும் நம்புவார்கள்.

அடக்கத்தின் கதை இதுதான். என் அண்ணன் உமிங்மாக்கில் பெண் கட்டி அங்கேயே இருந்தவன். ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை செத்துப்போனான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அடக்கம் என்று போதகர் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை விமானம் இரண்டு மணிக்கு. நான் கொட்டகைக்குப் போய் இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

இபீலி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இடம் இருக்கு. ஆனா எதுக்கு மகனே? ரெண்டுக்குக் கிளம்பினா மூணு அஞ்சுக்குத்தான் இறங்கும். அங்கேருந்து கல்லறைக்கு வேற போகணும். மூடின குழியப் பாக்கவா போற?”

மேசைமேல் விமானக் கம்பெனியின் புது நேர அட்டவணை கிடந்தது. அதில் உமிங்மாக் சேரும் நேரம் இரண்டு ஐந்து என்று அச்சடித்திருந்தது. இவன் அதைப் பென்சிலால் அடித்து மூன்று ஐந்து என்று திருத்தி வைத்திருந்தான்.

“இது என்ன?” என்றேன்.

“அச்சுல தப்பு விட்டிருக்கான். நானூத்திப் பத்து கிலோமீட்டர அஞ்சு நிமிஷத்துல எந்த பிளேன் பறக்கும்? நீயே சொல்லு.”

நான் என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து பனிவண்டியைக் கிளப்பினேன். அடக்கத்துக்குத்தான் போக முடியாது, மூடின குழிக்காக விமானத்துக்குக் கொட்டிக் கொடுக்க என்னிடம் பணமும் இல்லை, அண்ணிக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது இருக்கலாமே என்று. ரெண்டு தூக்கம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அண்ணி கேட்ட முதல் கேள்வி, “வெள்ளிக்கிழமை பிளேன்ல ஏன் வரல? ரெண்டு அஞ்சுக்கு வந்துச்சே. உன்னக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பியிருந்தேன்.”

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் தெற்கே ஏதோ ஒரு ஆபீசில் உமிங்மாக்கின் கடிகாரத்தை எங்களுடையதைவிட ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் கடிதம் வந்திருந்தது. விமான நிலையத்துக்கு வரும் கடிதம் யாரிடம் வரும்? இபீலியிடம். அதன்மேல் அவன் கெட்டிலை வைத்திருந்தான். கிலோமீட்டர் இல்லாத கடிதத்தை அவன் படிப்பதில்லை.

திரும்பி வந்து நான் அவனை அடிக்கவில்லை. அப்பாவை அடித்தால் ஊர் என்ன சொல்லும்? பேசுவதை மட்டும் குறைத்தேன். வழியில் பார்த்தால் “அப்பா” என்பேன். “மகனே” என்பான். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவன் மன்னிப்புக் கேட்கவுமில்லை. அட்டவணையில் பென்சில் கோட்டை மட்டும் அழித்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவனுடைய இன்னொரு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தாய்க்கு உமிங்மாக்கில் பிள்ளையில்லாத ஒரு சித்தி. கேட்டார்கள், கொடுத்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்களில் பாதிப் பேர் இப்படிக் கொடுக்கப்பட்டவர்கள்தான். பிறகு தாய்க்காரி வேறொருவனைக் கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டாள். அதுவும் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் பெற்றவன் வருடத்துக்கு ஒருதரமாவது போய், பிள்ளைக்கு ஒரு ஜோடி பூட்ஸ், கொஞ்சம் உலர்ந்த கறி கொடுத்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். கொடுப்பது வழக்கம். போய்ப் பார்க்காமல் இருப்பது வழக்கமில்லை. இவன் ஒருதரம்கூடப் போகவில்லை. வாரத்துக்கு இரண்டு விமானம் மூக்குக்கு முன்னால் கதவைத் திறந்து நிற்கிறது. வேலைக்காரன் என்பதால் சீட்டும் இலவசம். இருபத்தாறு வருடம் அந்தக் கதவை இவன் வெளியிலிருந்து சாத்தினான்.

கேட்டால் அதற்கும் கணக்கு வைத்திருந்தான். “பிளேன் அங்க இருபத்தஞ்சு நிமிஷந்தான் நிக்கும். அதுலயே திரும்பிட்டா அவகிட்ட என்ன பேசறது? இறங்கிட்டா அடுத்த பிளேனுக்கு நாலு நாள். நாலு நாள் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்ன பண்றது? இருபத்தஞ்சு நிமிஷம் கம்மி, நாலு நாள் அதிகம்.”

மனுஷன் இப்படியும் அளப்பானா? அளந்தான்.

போன வருடம் அவனுக்கு நுரையீரலில் வந்தது. தெற்கே கொண்டுபோய் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி அங்கே செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரலில் ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. மூக்கில் ஒரு குழாய், கையில் சின்ன ஆக்சிஜன் புட்டி.

“மகனே, உமிங்மாக் போகணும்.”

“வெள்ளிக்கிழமை பிளேன் இருக்கே அப்பா. ஒரு மணி அஞ்சு நிமிஷம்.”

அவன் முகம் சுருங்கியது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைக்கவில்லை.

“ஏத்த மாட்டேங்கறாங்க. புட்டியோட ஏறணும்னா தெற்கேருந்து டாக்டர் கடுதாசி வேணுமாம். மூணு வாரம் ஆகுமாம். நர்ஸ்கிட்ட கேட்டேன், எனக்கு மூணு வாரம் இருக்கான்னு. அது ஜன்னலப் பாக்குது.”

“போய் என்ன பண்ணப் போற?”

“லீட்டியாவப் பாக்கணும்.”

“யாரு அது?” என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

“என் பொண்ணு,” என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கேட்டவன் இபீலி என்றால் கதவைச் சாத்தியிருப்பேன். கேட்டது அப்பா. எங்கள் அப்பா கேட்டதை என் அண்ணனும் தட்டியதில்லை, நானும் தட்டியதில்லை. மறுநாள் காலையில் சறுக்குவண்டியின் மரப்பெட்டியில் கரிபூ மான் தோலை இரண்டடுக்காக விரித்து, அவனைப் பொட்டலம் மாதிரிக் கட்டி வைத்து, பனிவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நர்ஸ் மூன்று புட்டி கொடுத்து, இதெல்லாம் முட்டாள்தனம் என்றாள். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கும் சரியென்று பட்டது.

ஊருக்கு வெளியே அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பெட்டியைத் தட்டினான். நிறுத்தினேன்.

“ஏன் தெற்கால போற? உமிங்மாக் மேற்கால இருக்கு.”

“நேரா மேற்கால மலை இருக்கு அப்பா. உன் நூல் அதுக்கு மேல போகும். நான் போக முடியாது.”

“சுத்துனா தூரம் கூடுமே.”

“கூடும்.”

“எவ்வளவு?”

“போனாத் தெரியும்.”

தோலுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். குடாவைச் சுற்றி, ஆறு கடலில் சேருமிடத்தில் மேடுபள்ளமான பனியில் ஏறி இறங்கி, மறுபடி வடக்கே திரும்பினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டியிலிருந்து ஒரு முனகல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி டீ போட்டேன். டம்ளரை அவன் இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சிந்தியது. தனியாக வந்திருந்தால் ரெண்டு தூக்கம். இந்தச் சரக்கோடு நான்கு ஆனது.

மூன்றாவது நாள் தலைக்கு மேல் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை விமானம். வெள்ளைப் புள்ளியாக மேற்கே போனது. அவன் பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டான்.

“இருபத்தி ரெண்டு நிமிஷத்துல இறங்கிடும்.”

“இறங்கட்டும். நமக்கு இன்னும் ரெண்டு தூக்கம்.”

“மீட்டர் எவ்வளவு காட்டுது?”

பனிவண்டியின் மீட்டரைப் பார்த்துச் சொன்னேன். “முந்நூத்தி இருபது.”

“அப்ப தொண்ணூறுதானே பாக்கி? ஏன் ரெண்டு தூக்கம்?”

“ஏன்னா முந்நூறு பாக்கி.”

“உன் மீட்டர் தப்பு,” என்றான். சாகக் கிடக்கிறவனின் திமிரைப் பாருங்கள்.

அன்றைக்குக் கூடாரத்தில், அடுப்பு பக்கத்தில் சூப்பை வைத்துக்கொண்டு அவனே ஆரம்பித்தான். எங்களுக்கு ஏப்ரலில் இரவு பேருக்குத்தான். கூடாரத் துணிவழியே வெளிச்சம் மஞ்சளாக அடித்தது. தூக்கம் வராதவனுக்குப் பேச்சு வரும்.

“உங்க அண்ணன் விஷயம். அன்னிக்கு சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு மகனே.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“பைலட் திரும்பி வந்து சொன்னான். யாரோ கல்லறைக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வந்து நின்னாங்கன்னு. அப்பத்தான் கடுதாசிய எடுத்துப் படிச்சேன்.”

“தெரிஞ்சு?”

“சொல்லலாம்னு வந்தேன். நீ கிளம்பிட்டே.”

“திரும்பி வந்தப்ப?”

மூக்குக் குழாயைச் சரிசெய்தான்.

“பதினெட்டு வருஷம் ஒரே ஊரு. உன் கொட்டாய்க்கும் என் வீட்டுக்கும் எத்தன கிலோமீட்டர் அப்பா? அதையும் நூல் போட்டு அளந்து வச்சிருப்பியே?”

“ஒண்ணு புள்ளி ரெண்டு,” என்றான்.

நிஜமாகவே அளந்து வைத்திருந்தான். இவனை என்ன செய்வது? சூப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால், “எனக்குக் கிட்டத்துல இருக்கறதுதான் மகனே போய்ச் சேர முடியல,” என்றான். அவனுக்கே அது பெரிய பேச்சாகப் பட்டிருக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருந்தான். நான் குறட்டை விட்டேன்.

நான்காம் தூக்கம் முடிந்த அன்று மத்தியானம் உமிங்மாக் தெரிந்தது. மீட்டர் அறுநூற்றுப் பதினாறு. நான் சொல்லவில்லை, அவனே தலையை நீட்டிப் பார்த்தான். இந்தத் தடவை மீட்டர் தப்பு என்று சொல்லவில்லை. மூன்றாவது புட்டியில் பாதிக்கும் கீழே போயிருந்தது.

லீட்டியாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், ஊருக்கே தெரியும். கதவைத் திறந்தபோது முழங்கைவரை மாவு. இருபத்தேழு வயது. அவனுடைய அதே சப்பை மூக்கு. பெட்டியில் கிடந்தவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவன் வாய் திறப்பான் என்று காத்திருந்தேன். ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாய் மூடியே கிடந்தது.

“சவிக்லேருந்து வர்றோம்,” என்றேன். “இவரு என் அப்பா.”

நரைத்த தலையோடு நான், எனக்குச் சின்னவனான அவன். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இபீலியா?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப நீங்க எனக்கு அண்ணன்.” மாவை உதறிக்கொண்டாள். “எத்தன தூக்கம்ணே?”

“நாலு.”

“பிளேன்ல ஒரு மணி நேரம்னு சொல்றாங்க.” அவனைப் பார்க்காமலே சொன்னாள். “செவ்வாயும் வெள்ளியும் வருது. எங்க சமையக்கட்டு ஜன்னல்லேருந்தே தெரியும். சின்ன வயசுல இறங்கறவங்கள எண்ணுவேன்.”

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. அவனுக்கு ஒரு பக்கம் தோளைக் கொடுத்து உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் படுக்க வைத்தாள். உறைந்த மீனை மெல்லிசாகச் சீவி எனக்கு முன்னால் வைத்தாள். அவனுக்கு மீனின் கன்னத்துச் சதையை நசுக்கி ஊட்டினாள். அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொண்டது, “தண்ணி வேணுமா?”, “கொஞ்சம்.” நான் நடுவில் உட்கார்ந்து டீ குடித்தேன். இப்படி ஒரு அப்பன் மகள் சந்திப்பைப் பார்க்கத்தான் முதுகெலும்பு தேய வந்தேனா என்று இருந்தது.

அவன் அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தான். கடைசி மூன்று நாள் அவள் வேலைக்குப் போகவில்லை என்று அண்ணி போனில் சொன்னாள். என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. அங்கேயே கல்லடுக்கி மூடினார்கள்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே கிளம்பியிருந்தேன், பனி இளகுவதற்குள் வீடு சேர வேண்டும். லீட்டியா பக்கத்து வீட்டில் எனக்காகப் பெட்ரோல் வாங்கப் போயிருந்தாள். சொல்லிக்கொள்ள ஜன்னலோரம் போனேன்.

“வரட்டுமா அப்பா?”

கையைப் பிடித்துக்கொண்டான். பிடி என்று சொல்ல முடியாது, வைத்தான். அவள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்துவிட்டு, இன்னும் குனி என்று சாடை காட்டினான்.

“மகனே, அவகிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போ.”

“நீயே சொல்லேன்.”

“நான் சொன்னா நம்ப மாட்டா. நீ அண்ணன். வருஷா வருஷம் நான் கிளம்பினேன்னு சொல்லு. பூட்ஸு, கறி எல்லாம் எடுத்துக்கிட்டு பிளேன் வரைக்கும் வந்தேன்னு சொல்லு. ஒவ்வொரு தடவையும் மூடுபனி இறங்கிடுச்சுன்னு சொல்லு.”

“இருபத்தேழு வருஷமும் மூடுபனியா?”

விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மூச்சு வாங்கியது.

“சில வருஷத்துக்குக் காத்துன்னு மாத்திச் சொல்லு.”